மஞ்சள் முட்டை தொங்கிய வாசல்

வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. வாசலுக்கு அந்தப் பக்கம் என் சம்பந்தியம்மா லோகாம்பாள் நின்றிருந்தார். பட்டுப்புடவை, அதன்மேல் மகனுடைய பெரிய குளிர்க்கோட்டு, காலில் கம்பளிக் காலுறை, அந்தக் காலுறையோடு மல்லுக்கட்டி நுழைத்த ரப்பர் செருப்பு. பேராவூரணியிலிருந்து ஜெர்மனிவரை வந்த கால் அது. இன்னும் ஓர் அடிதான் பாக்கி. அந்த ஓர் அடியை வைக்க மாட்டேன் என்று நின்றது.

அந்த அம்மா எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாசலோரத்துத் தொட்டியில் நட்டிருந்த காய்ந்த கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளையில் பதினோரு முட்டைகள் தொங்கின. எல்லாம் மஞ்சள். மஞ்சளுக்கு மேல் சிவப்புக் கோடு. உச்சியில் மைப் பொட்டு. கட்டியிருந்த நூலும் கறுப்பு.

"சேகரு," என்றார் மகனிடம், குரலை உயர்த்தாமல். "வண்டியத் திருப்பு."

இந்நேரம் உங்களில் பாதிப் பேர் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் மஞ்சள், சிவப்பு, மை மூன்றும் பூசிய முட்டை ஒரு வாசலில் இருந்தால், யாரோ யாருக்கோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்த நான்தான் பதினொன்றைத் தொங்கவிட்டேன்.

எப்படி இவ்வளவு பெரிய அறிவாளியானேன் என்று சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். சம்பந்தியம்மா அதுவரை பனியில் நிற்கட்டும். நின்று பழகாதவர், ஒருநாள் நின்றால் தப்பில்லை.

அந்தக் கால் எதற்காக வரவேண்டும்

என் மகள் தமிழரசி நர்ஸ். அவள் அப்பா கட்சிக் கொடி பிடித்துத் திரிந்தவர், அதனால் அந்தப் பெயர். நன்னிலம் பக்கத்தில் நாங்கள் நடவு ஆட்கள். நான் நாற்று முடியை வீசிய கையோடு பள்ளிக்கூடம் போய் ரெண்டாங்கிளாஸோடு திரும்பி வந்தவள். அவள் தஞ்சாவூரில் படித்து, ஜெர்மனிக்காரன் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கி, அங்கே நடந்த பொங்கல் கூட்டத்தில் ஒரு பையனைப் பார்த்து, ரிஜிஸ்டர் கல்யாணமும் செய்துகொண்டாள்.

பையன் சேகர். தங்கமான பையன். தப்பு ஒன்றே ஒன்று, தென்னந்தோப்பு வீட்டில் பிறந்துவிட்டான். அவர்கள் வகையறா எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தது கிடையாது. நாங்கள் அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தைத் தாண்டி உள்ளே போனது கிடையாது.

மூன்று வருஷம் லோகாம்பாள் மகனுக்கு ஒரு வரி எழுதவில்லை. சேகர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எழுதுவார். ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் ஒன்று அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக் காதருகே ஆட்டுவார். தண்ணீர் வற்றி, உள்ளே பருப்பு கடகடவென்று உருளும். மறுபடி அலமாரியில் வைத்துவிடுவார். என் எதிரில் செய்ய மாட்டார். நான் எல்லாவற்றையும் கதவிடுக்கில் பார்ப்பவள்.

பிறகு திடீரென்று ஒரு கடிதம் வந்தது. நாலே வரி. 'வந்து பார்க்கிறேன். மனசுக்குப் பிடித்தால் ஒரு மாதம் இருப்பேன். இல்லையென்றால் அடுத்த விமானம். உன் வீட்டில் கை நனைப்பேனா என்பதை வந்து சொல்கிறேன்.'

தமிழரசி அந்தக் காகிதத்தை மடித்து மடித்துத் தபால்தலை அளவுக்கு ஆக்கிவிட்டாள். அந்த அம்மா உள்ளே வரவேண்டும், இவள் கையால் ஒரு வாய் சாப்பிடவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதில்தான் சேகர் மறுபடி ஒரு தாய்க்குப் பிள்ளையாவாரா என்பது இருந்தது.

இன்னொன்றும் உண்டு. அவளுக்கு ஏழு மாதம் முடிந்து எட்டு. நான் அங்கே போயிருந்ததே பிரசவத்துக்குத்தான். அதை மாமியாருக்கு எழுதவே கூடாது என்று கட்டளை போட்டிருந்தாள்.

"வயித்தப் பாத்து என்னை ஏத்துக்க வேணாம்மா. என்னைப் பாத்து ஏத்துக்கட்டும்."

"ரெண்டையும் எப்படிடி பிரிச்சுக் காட்டுவ? ஒனக்கு முன்னாடி அதுதான வருது."

"நீ பேசாம இருந்தாப் போதும். அவங்க வர்றப்ப வாயக் கொஞ்சம் கட்டிக்க."

கட்டிக்கொண்டேன். கை சும்மா இருக்கவில்லை. அங்கேதான் வந்தது வினை.

ஊதத் தெரிந்தவள்

பக்கத்து வீட்டில் ஹில்டா என்று ஓர் அம்மா. என் வயசு, என் உயரம், என்னைவிட இரண்டு மடங்கு அகலம். அவள் ஜெர்மனியில் கேட்பாள், நான் நன்னிலத்தில் பதில் சொல்வேன். எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் வந்ததில்லை.

ஈஸ்டர் பண்டிகைக்கு வாசலில் தொங்கவிட, ஒருநாள் அவள் ஒரு கூடை வெள்ளை முட்டையும் ஒரு கட்டு மொட்டைக் கிளையுமாக வந்தாள். சமையலறை மேஜையில் வைத்தாள். ஊசியால் ஒரு முட்டைக்கு மேலே ஒரு பொத்தல், கீழே ஒரு பொத்தல் போட்டாள். மேலே வாய் வைத்து ஊதினாள். கீழே கிண்ணத்தில் வெள்ளைக்கரு, மஞ்சள்கரு எல்லாம் சளக்கென்று விழுந்தது. ஓடு மட்டும் உடையாமல் கையில் நின்றது. அவள் முகம் தக்காளி.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முட்டையை உடைக்காமல் முட்டையை எடுத்துவிட்டாளே.

"குடு இப்படி," என்று வாங்கினேன். முப்பது வருஷம் ஈர விறகை ஊதி அடுப்பெரித்த நெஞ்சு இது. ஒரே ஊது. ஹில்டா தன் முட்டையைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், உள்ளே ஏதும் மிஷின் இருக்கிறதா என்று. அன்றைக்கு அவள் ஊதியது நாலு, நான் ஊதியது பத்தொன்பது.

அந்தக் கிண்ணத்தை என்ன செய்வது? பொடிமாஸ். மறுநாள் முட்டைத் தோசை. அதற்கு மறுநாள் முட்டைக் குழம்பு.

"அத்தை, இன்னிக்கும் முட்டையா?" என்றார் மாப்பிள்ளை.

"கோழி உங்களுக்காக எவ்ளோ கஷ்டப்பட்டிருக்கு. சாப்புடுங்க தம்பி."

ஹில்டா சாயம் போட வெங்காயச் சருகைக் கொதிக்கவைத்தாள். வெங்காயம் உரித்து வீசுகிற சருகு, அதிலிருந்து பழுத்த இலுப்பைப்பழ நிறத்தில் ஒரு சாயம் இறங்கிற்று. நான் இத்தனை வருஷமாகக் குப்பையில் போட்ட சருகையெல்லாம் நினைத்து வயிறெரிந்தேன். ஓர் இலையை முட்டைமேல் ஒட்டி, காலுறைத் துணியால் இறுகக் கட்டிச் சாயத்தில் போட்டால், இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பதியும் என்று காட்டினாள். அவள் ஏதோ புல்லை வைத்தாள். நான் ஊரிலிருந்து காயவைத்துக் கொண்டுபோன கறிவேப்பிலையை வெந்நீரில் நனைத்து வைத்தேன். பிரித்தபோது முட்டைமேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலை அச்சாக நின்றது, நரம்பு முதற்கொண்டு.

சந்தோஷத்தில் கத்தரித்தது தமிழரசி ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போகும் புதுக் காலுறை. அவள் வந்து பார்த்தாள்.

"அம்மா. இது நான் போட்டுட்டுப் போறது."

"ஒத்தக் கால்தான வெட்டினேன். இன்னொண்ணு இருக்குல்ல."

பீட்ரூட் தோலில் ஓர் இளஞ்சிவப்பு. காபித் தூளில் நம்மூர் வண்டல் மண் நிறம். மெழுகுவத்தியை உருக்கி, கொண்டை ஊசி முனையால் தொட்டுப் புள்ளி வைத்துச் சாயத்தில் போட்டால் புள்ளிமான். தூங்க மனசு வரவில்லை. ஐம்பது வயசுக்கு மேல் எனக்கு முதன்முதலாக விளையாட்டுச் சாமான் கிடைத்திருந்தது. என்னை யார் நிறுத்துவது?

சுண்ணாம்பு செய்த வேலை

இங்கேதான் நான் ஹில்டாவை ஜெயித்தேன்.

விமான நிலையத்தில் என் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்த அதிகாரியைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்த டப்பா இன்னும் கால்வாசி இருந்தது. மஞ்சள்பொடியில் கொதித்த முட்டைகள் மேஜையில் ஆறிக்கொண்டிருந்தன, நல்ல பழுத்த எலுமிச்சை மஞ்சளில். வெற்றிலைக்குத் தடவிய விரலோடு அதில் ஒன்றை எடுத்தேன். எடுத்த இடத்தில் ரத்தச் சிவப்பாக ஒரு ரேகை.

ஆரத்திக்கு ஆலம் கரைக்கிற எவளுக்கும் இது தெரியும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆனால் முட்டைமேல் சிவந்து நான் பார்த்ததில்லை.

தீக்குச்சியின் பின்பக்கத்தைச் சுண்ணாம்பில் தொட்டேன். மஞ்சள் முட்டையில் ஒரு சுழி இழுத்தேன். வெள்ளையாகப் போன கோடு, கண்ணெதிரே சிவந்துகொண்டே வந்தது. ஹில்டா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். வெள்ளை. முட்டையைப் பார்த்தாள். சிவப்பு. ஓடிப்போய்த் தன் வீட்டுக்காரரை அழைத்துவந்தாள், அவர் பாதி முகம் சவரம் செய்த நுரையோடு வந்து நின்றார். அடுத்த அரைமணியில் என் சமையலறையில் ஐந்து ஜெர்மனி அம்மாக்கள்.

"என்னம்மா இது, வீடா கல்யாண மண்டபமா?" என்றாள் வேலை முடிந்து வந்த தமிழரசி.

"சும்மா நிக்காத, எல்லாருக்கும் காபி போடு. நான் கலைஞி. எனக்கு இப்ப கை ஒழியல."

கோலம் தப்பினால் வினிகர் ஒரு சொட்டு வைத்தேன். முட்டை சின்னதாக நுரைத்து, சிவப்பு மறுபடி மஞ்சளாகப் போய்விட்டது. எழுதிய கோட்டை அழிக்க ரப்பரும் கிடைத்தது. அந்த அம்மாக்கள் கைதட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்குக் கைதட்டியது அன்றைக்குத்தான். நடவு நட்டுக் கரையேறினால் யார் கைதட்டுகிறார்கள்?

சிக்குக்கோலம், தாமரை, ஊஞ்சல் கோலம் என்று பதினோரு ஓட்டில் போட்டேன். உள்ளே கரு இருக்கிற முழு முட்டை ஒரு டஜனையும் மஞ்சளில் வேகவைத்து, அவற்றிலும் கோலம் போட்டுக் கூடையில் அடுக்கினேன். முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். இவ்வளவு அழகுக்குக் கண்ணு பட்டுவிடாதா? தமிழரசியின் கண்மையை எடுத்து ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பொட்டு வைத்தேன்.

கட்டித் தொங்கவிட நூல் வேண்டும். தையல் டப்பாவில் கறுப்பு நூல்தான் இருந்தது.

பார்த்தீர்களா. ஒவ்வொன்றும் அதனதன் நியாயத்தோடுதான் வந்தது.

அமீனாவும் அதே முட்டையும்

நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை என்றேன் அல்லவா? அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கல்யாணமான புதிது. எங்கள் பக்கம் கூலி கேட்டுச் சங்கம் சேர்ந்த நேரம். அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கு, மிராசுதார் எங்களை மனைக்கட்டை விட்டுக் காலிசெய்யச் சொன்னார். பரம்பரையாகக் குடியிருந்த இடம், ஆனால் காகிதம் அவர் பெயரில். கோர்ட்டில் உத்தரவு வாங்கிவிட்டார். வெளியே எடுத்துப்போடக் கோர்ட்டு அமீனா வருகிறார் என்று சேதி வந்தது. குடிசைகள் தீப்பிடித்த சேதிகளும் சுற்றுப்பட்டில் வந்துகொண்டிருந்த காலம் அது. பெண்கள் பிள்ளைகளைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்போம்.

ஆம்பிளைகள் கம்பு கழி என்று பேசினார்கள். என் மாமியார், "சும்மா கெடங்கடா," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஒரு முட்டை கேட்டு வாங்கினாள். பதினாலு குடிசை, பதினாலு முட்டை. நான்தான் மஞ்சள் அரைத்தேன். குங்குமம் பூசி, அடுப்புக்கரியில் மூன்று பொட்டு வைத்து, ஒவ்வொரு வாசலிலும் ஒன்று.

நன்னிலத்திலிருந்து அமீனா சைக்கிளில் வந்தார். கூடவே தலையாரி. முதல் வாசலில் முட்டையைப் பார்த்தார். இரண்டாவது வாசலைப் பார்த்தார். கடைசிவரை பார்த்தார்.

"என்னம்மா இதெல்லாம்?"

"யாரு வச்சான்னு தெரியலீங்களே, எசமான்," என்றாள் மாமியார், ரொம்பப் பாவமாக. "நாங்களே வெளிய வரப் பயந்துக்கிட்டு கெடக்கறோம். நீங்க தாண்டி உள்ள வந்து பாத்து சொல்லுங்களேன்."

அவர் தாண்டவில்லை. வீடுகள் பூட்டிக்கிடந்தன என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் வேறு தேதி வாங்கி வருவதற்குள் ஆட்சி மாறி, குடியிருப்பவனுக்கே மனை என்று சட்டம் வந்து, பட்டாவும் வந்தது. வந்ததற்குக் கட்சிக்காரர்கள் மாலை போட்டுக்கொண்டார்கள். கோழிக்கு ஒருவரும் போடவில்லை.

எங்களிடம் நிலம் இல்லை, காகிதம் இல்லை. பெரிய வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்துப் பயப்பட ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்களுக்குச் சூனியம் தெரியும் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் இல்லை என்று சொல்லி அவர்கள் மனசை நோகடித்ததில்லை.

இப்படிப்பட்ட வரலாறு உள்ளவள்தான் ஜெர்மனியில் சம்பந்தி வருகிற அன்றைக்கு வாசலில் மஞ்சள் முட்டை கட்டினேன். ஊரில் நிலத்தில் வைத்தோம், இங்கே கிளையில் தொங்கிற்று. அந்த ஒரு வித்தியாசத்தில் என் புத்தி தடுக்கி விழுந்துவிட்டது.

மறுபடி வாசலுக்கு

"வண்டியத் திருப்பு," என்றார் சம்பந்தியம்மா இரண்டாம் முறை.

அப்போதுதான் நான் அவர் கண் போன வழியே பார்த்தேன். மஞ்சள், சிவப்பு, மை, கறுப்பு நூல். ஐயோ.

"உள்ள வாங்க சம்பந்தியம்மா. பனில நிக்காதீங்க. அது நான் சும்மா வெளையாட்டுக்கு..."

அவர் சேகரைப் பார்த்தே பேசினார். "என்ன வெளையாட்டுன்னு கேளு."

"அம்மா, இந்த ஊரு பண்டிகைம்மா. ஈஸ்டர். எல்லா வீட்டு வாசல்லயும் தொங்கும். நீயே பாரேன்," என்றார் சேகர். இரண்டு கையிலும் பெட்டி. கீழே வைக்கவும் தோன்றாமல், தூக்கிக்கொண்டு உள்ளே போகவும் முடியாமல் நின்றார்.

லோகாம்பாள் திரும்பிப் பார்த்தார். ஹில்டா வீட்டு வாசலில் ஒரு கிளை முட்டை. அதற்கடுத்த வீட்டில் ஒரு கிளை. எதிர்ச்சாரி முழுவதும். தெருக்கோடிவரை காற்றில் முட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன.

"தெரு முழுக்கவா?" என்றார். "ஒருத்தருக்கொருத்தர் இப்படி வச்சுக்கிட்டா எப்படிடா குடும்பம் நடத்துறாங்க?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

"சிரிக்கறாங்க பாரு. அவங்க முட்டைல நீலம் இருக்கு, பச்சை இருக்கு. மஞ்சளும் மையும் இந்த வாசல்லதான் இருக்கு. கறுப்புக் கயிறு இந்த வாசல்லதான் இருக்கு. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுடா." அவர் குரல் அங்கே கொஞ்சம் உடைந்தது. "எம்புள்ளைய இப்படித்தான் மடக்குனாங்களா?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று வருஷமாக அந்த அம்மா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் மகளைப் பிடித்துப்போய் மகன் போனான் என்று நினைக்க அவருக்கு மனம் வரவில்லை. யாரோ எதையோ வைத்துத்தான் போயிருக்கவேண்டும். அதற்குச் சாட்சியாக நான் பதினோரு முட்டையைக் கட்டி வைத்திருக்கிறேன்.

"அம்மா," என்றார் சேகர்.

அந்த நேரம் பார்த்துத்தானா ஹில்டா வரவேண்டும்? கையில் ஒரு ரொட்டி, முயல் மாதிரி செய்தது. எங்கள் கிளையைக் காட்டி, என்னைக் காட்டி, சம்பந்தியம்மாவிடம் நீளமாக எதையோ சொன்னாள். பெருமை அவள் முகத்தில் வழிந்தது.

"இந்தம்மா என்ன சொல்லுது?" என்றார் மகனிடம்.

"ரொம்ப அழகா இருக்காம்," என்று நான் முந்திக்கொண்டேன்.

"எது?"

"முட்டைதாங்க. உங்களச் சொல்லல."

பின்னாலிருந்து தமிழரசி என் இடுப்பில் கிள்ளினாள். அதுவரை அவள் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள், வயிறு தெரியாதபடி என்னைத் தடுப்பாக வைத்து.

கூடை வாசல் உள்பக்கத்து முக்காலியில் இருந்தது. நான் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்து, தட்டி உரித்து, முழுதாக வாயில் போட்டேன். தொண்டை அடைக்க மென்றேன். "பாத்தீங்களா. ஒண்ணும் ஆகல."

"வச்சவங்க தின்னா வச்சவங்களுக்கு என்ன ஆகும்?" என்றார், சேகரைப் பார்த்து. நியாயமான கேள்வி. எங்கள் மாமியார் இருந்தால் மெச்சியிருப்பாள். நான் மஞ்சள்கருவை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

சேகர் பெட்டிகளோடு காரை நோக்கி அரையடி திரும்பினார். அதைப் பார்த்ததும் என் உயிர் போய்விட்டது.

தமிழரசி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். கதவு நிலையில் தட்டினாள். மஞ்சள் ஓடு உதிர்ந்தது. உரித்துக்கொண்டே பேசினாள்.

"அத்தை, நான் வைக்கல. இதுல எதையும் நான் தொடவே இல்ல. இப்ப நான் சாப்புடறேன். எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா உள்ள வாங்க. ஆச்சுன்னா, நீங்க நெனச்சதுதான் சரி, உங்க புள்ளையக் கூட்டிட்டுப் போங்க."

அவள் கம்பளிச் சட்டையின் பொத்தான் நடுவில் மூன்று போடாமல் இருந்தது. போட எட்டவில்லை. சம்பந்தியம்மாவின் கண் முட்டையில் இருந்தது. முட்டையிலிருந்து அவள் கைக்கு, கையிலிருந்து அந்தப் பொத்தானுக்கு வந்தது. அங்கே நின்றது. தமிழரசி வாயைத் திறந்தாள்.

"ஏய்."

நாலு மாகாணம் கேட்டிருக்கும். ரப்பர் செருப்பு ஒன்று வெளியே கழன்று விழுந்தது. அந்த அம்மா எப்போது படியைத் தாண்டினார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கும்போது முட்டை அவர் கையில் இருந்தது. இன்னொரு கை என் மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"புத்தி இருக்கா ஒனக்கு? வாயும் வயிறுமா இருக்கறவ, எதை எடுத்து வாயில வைக்கற?"

ஹில்டா ரொட்டி முயலை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எத்தனை மாசம்?"

"ஏழு முடிஞ்சிடுச்சு அத்தை."

"ஏழு மாசம்." மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை தவறாம எழுதுவியே. பனி பேஞ்சுதுன்னு எழுதுவ, பஸ்ஸு லேட்டுன்னு எழுதுவ. இத எழுத ஒனக்குக் கை வரலியா?"

"அவதாம்மா வேணாம்னா."

"ஏன்?"

தமிழரசி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வந்து பாக்குறேன்னு எழுதியிருந்தீங்க. என்னைப் பாக்கத்தான வர்றீங்கன்னு இருந்துட்டேன்."

லோகாம்பாள் அவளைப் பார்த்தார். முகத்தை, கண்ணுக்குக் கீழே கறுத்த இடத்தை, இரவு வேலையில் வீங்கிய காலை. அவ்வளவு நேரம் ஒரு பெண்ணை யாரும் பார்த்து நான் பார்த்ததில்லை. மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

பிறகு தன் கையிலிருந்த முட்டையைப் பார்த்தார். பாதி ஓடு போய், பாதி இருந்தது. கட்டைவிரலால் அமுக்கினார். அது அமுங்கி, திரும்ப வந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

அன்றைக்கு முதன்முதலாக என்னைப் பார்த்துப் பேசினார்.

"அவிச்சதா?"

"அவிச்சதுதாங்க. பத்து நிமிஷம் நல்லாக் கொதிச்சது."

"அவிச்ச முட்டைல எவன் செய்வினை வைப்பான்," என்றார் வெறுப்பாக. வேலை தெரியாத ஆளிடம் அறுப்பு விட்டுவிட்டது போலிருந்தது அந்தக் குரல். செய்வினைக்குப் பச்சை முட்டைதான் செல்லும், அது எங்கள் இருவருக்கும் தெரிந்த சட்டம். கிளையில் தொங்கிய பதினொன்றும் பச்சையாக ஊதியவை என்பதை நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவர் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

"பிளேன்ல எதையோ குடுத்தான். வாயில வைக்க வெளங்கல," என்று முட்டையிடம் சொன்னார். மீதி ஓட்டையும் நகத்தால் எடுத்தார். "உப்பு இருக்கா?"

தமிழரசி சமையலறைக்குத் திரும்பி ஓடினாள்.

"ஓடாதடி. மெல்லப் போ. உப்பு எங்கயும் போயிடாது."

அவள் மெல்லப் போனாள். உப்பும் மிளகுத்தூளுமாக அவள் திரும்பி வருவதற்குள் பாதி முட்டையைக் காணோம். காலுறையில் ஒட்டிவந்த பனி எங்கள் தரையில் கரைந்து தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. சேகர் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, வெளியே போய் அம்மாவின் செருப்பை எடுத்து வந்தார்.

குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் கதவைச் சாத்தினேன்.